கடல்முனை வீட்டுக்கு விலக்கு

காப்பி நன்றாகவே இருக்கிறது, இன்ஸ்பெக்டர். சம்பளப் பேச்சுவார்த்தை அறைகளில் கழுநீரைக் குடித்துக் குடித்தே என் வயிறு கெட்டது. அவசரம் வேண்டாம், எல்லாவற்றையும் சொல்கிறேன்.

என் பெயர் தோர்கிரிம். இந்த நகராட்சியின் முதியோர் பராமரிப்பு ஊழியர்களுக்குச் சங்கத் தலைவன். வீடு வீடாகப் போய்க் கிழவர்களைக் குளிப்பாட்டி, ஊசி போட்டு, உணவூட்டுகிறவர்கள் அவர்கள். கூலி உயர்வு கேட்டோம். நகராட்சி பிடித்த பிடியில் நின்றது. வேலைநிறுத்தம் வாரக்கணக்கில் இழுத்தது. சங்கப் பெட்டி காலி. மறியலுக்கு வந்தவர்கள் மழையைப் பார்த்ததும் வீட்டுக்கு நடையைக் கட்டினார்கள். வெறுங்கையோடு அவர்கள் முன் போய் நிற்க நான் தயாராக இல்லை.

நார்வே வழக்கம் உங்களுக்கே தெரியும். வேலைநிறுத்தத்தால் உயிருக்கு ஆபத்து என்றால் அரசே அதை நிறுத்தி, கூலிப் பிரச்சினையைத் தீர்ப்பாயத்துக்கு அனுப்பிவிடும். அங்கே ஏதாவது கிடைக்கும். தோற்றோம் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே எனக்கு ஓர் ஆபத்து தேவைப்பட்டது. ஆபத்துதான், மரணமில்லை. இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

ஆபத்து வராமல் தடுக்கவும் ஒரு வழக்கம் உண்டு. கவனிக்காவிட்டால் செத்துப்போவார் என்கிற நோயாளிக்குச் சங்கமே விலக்குக் கொடுத்து ஒருவரை வேலைக்கு அனுப்பும். நர்ஸ் ஹெட்விக் வந்து கேட்டாள்.

"தோர்கிரிம், கடல்முனை வீட்டு இங்வால்டுக்கு விலக்கு குடுப்பா. கண்ணு தெரியாத மனுஷன், தானா இன்சுலின் போட்டுக்க முடியாது."

"நிர்வாகத்துலேர்ந்து ஒரு மேலதிகாரி போறாராம். நீ மறியலைப் பாரு."

"அவங்களுக்கு ஊசி எந்தப் பக்கம் குத்தும்னே தெரியாதே!"

"இப்பவாச்சும் கத்துக்கட்டும்."

சிரித்துக்கொண்டே போனாள். பிறகு நகராட்சிக்குப் போன் செய்து, இங்வால்டுக்கு விலக்குக் கொடுத்தாயிற்று, ஹெட்விக் போகிறாள் என்றேன். நன்றி சொன்னார்கள். எதிரெதிரே உட்கார்ந்து தொண்டை கிழியக் கத்தினாலும், விலக்கு விஷயத்தில் ஒருவர் வாய்ச்சொல்லை மற்றவர் சந்தேகிப்பதில்லை. இங்கே அப்படியே பழகிவிட்டோம்.

இங்வால்டை நான் யோசித்துத்தான் தேர்ந்தெடுத்தேன். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், பழைய சங்கத்து ஆள், புலம்ப மாட்டார். மறுநாள் போய்ப் பார்த்தேன். தண்ணீரை மடக் மடக்கென்று குடித்துக்கொண்டிருந்தார்.

"ஊசி போட யாரும் வரலை. ஸ்ட்ரைக்னா அப்படித்தான்," என்றார்.

"ஆஸ்பத்திரிக்குச் சொல்லட்டுமா?" என்று கேட்டேன். கேட்டேன் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

"போடா. அவங்க எனக்காக ஒரு கருங்காலியை வேலைக்கு அனுப்பணுமா? நான் தாங்குவேன். பொண்ணுங்க ஜெயிக்கட்டும்."

அருமையான மனிதர். அவர் விருப்பத்தை மதித்தேன்.

அடுத்த முறை போனபோது சமையலறைத் தரையில் கிடந்தார். நான் கேட்ட ஆபத்து வந்துவிட்டது. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டால் பிழைத்திருப்பார். ஆனால் ஒரு கிழவரின் மயக்கத்துக்காக ஆஸ்லோவில் அமைச்சர் நாற்காலியை விட்டு எழுந்திருப்பாரா? நீங்களே சொல்லுங்கள். நூற்றுக்கணக்கான குடும்பங்களின் சாப்பாடு என் தலையில் இருந்தது.

நான் போகும்போதே அவர் உயிரோடு இல்லை என்று உங்களிடம் முதல் வாக்குமூலத்தில் சொன்னேன். அது சரியல்ல. மூச்சு இருந்தது. என் குரலைக் கண்டுகொண்டு, "ஜெயிச்சாச்சா?" என்று கேட்டார்.

"ஜெயிச்சாச்சு, தோழரே," என்றேன்.

அந்த நிமிஷத்தில் அது பொய். தோழர்களிடம் பொய் சொல்கிற ஆள் இல்லை நான். அதனால்தான் கதவை மெதுவாகச் சாத்திவிட்டு வீட்டுக்கு வந்தேன். மறுநாள் அவர் சாவு அமைச்சர் காதுக்குப் போனது; மாலைக்குள் என் வார்த்தையை உண்மையாக்கிவிட்டேன்.