அசையாத முள்

சின்ன நீராவி எஞ்சின் கட்டுவதைப் புதிதாக ஆரம்பிக்கிறவர் முதலில் என்ன வாங்க வேண்டும் என்று கேட்டீர்கள். வழக்குக்காகக் கேட்டீர்களா, உங்களுக்கே ஆசை வந்துவிட்டதா என்று தெரியவில்லை. எதுவாக இருந்தாலும் என் பதில் ஒன்றுதான். எதையும் வாங்காதீர்கள். பக்கத்தில் இருக்கும் எஞ்சின் சங்கத்துக்குப் போய், நாலு ஞாயிற்றுக்கிழமை வேலியோரம் சும்மா நில்லுங்கள். யாராவது ஒருவர் உங்கள் கையில் எண்ணெய்க் குப்பியைக் கொடுப்பார். பிறகு உங்களை வீட்டுக்கு அனுப்புவதுதான் கஷ்டம்.

லெஸ்லி ஹோல்ராய்ட் அப்படிச் செய்யவில்லை. கடையில் ஒரு தகர எஞ்சினை வாங்கி, சமையலறை மேஜையில் வைத்து ஸ்பிரிட் ஊற்றிக் கொளுத்தி, பிரெண்டாவின் மேஜைவிரிப்பைக் கருக்கிவிட்டு எங்களிடம் வந்தான். மேஜைவிரிப்பையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தான். சாட்சிக்காம்.

"எங்க வீட்டம்மா சொல்லிட்டா. இனிமே எரிக்கிறதா இருந்தா வெவரம் தெரிஞ்சவங்க வீட்டுல போய் எரின்னுட்டா. இங்க வெவரம் தெரிஞ்சவன் யாருப்பா?"

எல்லோரும் என்னைக் காட்டினார்கள். எங்கள் சங்கத்தில் பாய்லர்களைச் சோதிக்கிறவன் நான். ஒரு எஞ்சின் உள்ளங்கை அகலம்தான் என்றாலும் என் கையெழுத்துள்ள தாள் இல்லாமல் எங்கள் மைதானத்தில் அதில் நெருப்பு வைக்க முடியாது. இந்த நாட்டில் எந்தச் சங்கத்திலும் அப்படித்தான்.

லெஸ்லிக்கு அப்போது ஐம்பத்தாறு வயது. இருபத்தாறு வருடம் பஸ் ஓட்டி, முட்டி தேய்ந்து வேலையை விட்டவன். என்னைவிட நாலு வயது பெரியவன். ஆனாலும் முதல் நாளிலிருந்தே என்னை "வாத்தியாரே" என்றுதான் கூப்பிட்டான். பாதி கிண்டல். மீதிப் பாதி கிண்டல் இல்லை என்று எனக்குப் புரிய ஒரு வருடம் ஆயிற்று.

வியாழக்கிழமை தோறும் சாயங்காலம் என் பட்டறைக்கு வருவான். பிரெண்டா அவன் கையில் எப்போதும் ஏதாவது கொடுத்தனுப்புவாள். பன்றிக்கறி பேஸ்ட்ரி, இஞ்சி கேக், ஒரு தடவை கம்பளிக் கையுறை. லேத்தில் எந்தப் பக்கம் நின்றால் உலோகச் சீவல் கண்ணில் படாது என்பதிலிருந்து சொல்லிக் கொடுத்தேன். முதல் சிலிண்டரைக் கோணலாகக் குடைந்தான். இரண்டாவதையும் கோணலாகவே குடைந்தான்.

"ஒரே மாதிரி கோணலா வந்திருக்கே, அப்ப கை நிதானமாத்தான இருக்கு வாத்தியாரே?" என்றான்.

நான் சிரித்தேன். அந்தப் பட்டறையில் அதற்குமுன் யாரும் சிரித்ததாக எனக்கு நினைவில்லை. என் மனைவி ஜீன் என்னை விட்டுப் போய் ஒன்பது வருடம் ஆகியிருந்தது. வீட்டில் வானொலியை அணைப்பதில்லை. இதை அனுதாபத்துக்காகச் சொல்லவில்லை. நீங்கள் காரணம் கேட்டீர்கள். காரணம் இவ்வளவுதான், இதைவிடப் பெரியதாக எதுவும் கிடைக்காது.

அவன் கட்டியது செம்பில் ஒரு சின்ன நிற்கும் பாய்லர், அதோடு ஒரு எஞ்சின். ஒரு கெட்டில் அளவு இருக்கும். பதினான்கு மாதம் ஆயிற்று. ஒரு வியாழக்கிழமை, பாய்லரில் தகடுகள் சேரும் கடைசி மூட்டை வெள்ளி வைத்துப் பற்றவைத்து முடித்தபோது சொன்னான், "இது ஓடிடுச்சுன்னா நாங்க கெளம்பிடுவோம், கீத். பிரெண்டாவுக்குக் கடலோரமா இருக்கணும்னு ரொம்ப நாள் ஆசை. ஃபைலியில ஒரு வீடு பாத்து வெச்சிருக்கா. 'உன் கெட்டில் கொதிக்கிறவரைக்கும் பொறுத்துக்கறேன், அதுக்கு மேல ஒரு நாள் கெடையாது'ன்னு சொல்லிட்டா."

நல்லது என்றேன். கடல் காற்று முட்டிக்கு நல்லது என்றும் சொன்னேன்.

செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சோதனை. இது எப்படி என்று சொல்லிவிடுகிறேன், பின்னால் வேண்டியிருக்கும். பாய்லர் முழுக்கத் தண்ணீர் நிரப்ப வேண்டும், ஒரு குமிழி காற்றுகூட இல்லாமல். பிறகு கைப்பம்பால், அது வேலை செய்யப்போகும் அழுத்தத்தைப்போல் இரண்டு மடங்கு ஏற்ற வேண்டும். பத்து நிமிடம் அழுத்தமானியின் முள் அசையக் கூடாது. அவ்வளவுதான். தண்ணீர் அமுங்காது. அதனால் மூட்டு விட்டுப்போனாலும் நாலு சொட்டு ஒழுகும், முள் விழும், கதை முடிந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகாது.

லெஸ்லியால் பார்க்க முடியவில்லை. கொட்டகைக்கு வெளியே போய்ச் சிகரெட் பற்றவைத்துக்கொண்டான். நான் தனியாக அந்த முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து நிமிடமும் அசையவில்லை. இன்னும் ஐந்து நிமிடம் பார்த்தேன். புதியவன் கட்டிய பாய்லர் மாதிரியே இல்லை. அந்த மூட்டுகளை நான் பற்றவைத்திருந்தால் பெருமைப்பட்டிருப்பேன்.

வெளியே இருமல் சத்தம் கேட்டது. அழுத்தத்தை வெளியே விடுகிற பம்பின் திருகை ஒரு இழை திறந்தேன். முள் மெதுவாக இறங்கியது.

"லெஸ், வந்து பாரு. இறங்குது."

அவன் அந்த முள்ளைப் பார்த்த பார்வையை நான் விவரிக்கப்போவதில்லை. "எங்க ஒழுகுது?" என்று மட்டும் கேட்டான். தெரியவில்லை, எல்லா மூட்டையும் மறுபடி சூடாக்கிப் பார்க்கலாம் என்றேன். சரி என்றான். நான் சொன்னதை அவன் ஒருமுறைகூடச் சந்தேகப்பட்டதில்லை.

நவம்பரில் இரண்டாவது சோதனை. அன்றும் முள் அசையவில்லை. அன்றும் திருகைத் திறந்தேன். இந்தத் தடவை, ஒழுகும் இடம் எது என்று ஒரு மூட்டைக் காட்டினேன். அடித்தட்டு உட்காரும் மூட்டு. அதில் ஒன்றுமில்லை. ஏதாவது ஒன்றைக் காட்ட வேண்டியிருந்தது.

சங்கத்தில் கிண்டல் ஆரம்பித்தது. மோசமான ஆட்கள் இல்லை, பேச்சு அப்படி.

"லெஸ், அதுல பட்டாணி வேகவெச்சு வடிகட்டேன்."

"பஸ்ஸு ஓட்டினவன்கிட்ட குடுத்தா ஸ்டாப்புக்கு ஸ்டாப் எறங்கத்தான் செய்யும்."

லெஸ்லியும் கூடச் சிரிப்பான். ஆனால் குளிர்காலத்தில் ஞாயிற்றுக்கிழமை வருவதை நிறுத்திவிட்டான். வியாழன் மட்டும் வந்தான். அது எனக்குப் போதுமாக இருந்தது. சொல்லப்போனால் அதுதான் என் வாழ்க்கையிலேயே நல்ல குளிர்காலம். பிரெண்டா அவனிடம் ஃபைலி வீடு வேறு யாருக்கோ போய்விட்டதாகச் சொல்லியிருந்தாள். வேறு வீடு கிடைக்கும் என்று நான் ஆறுதல் சொன்னேன்.

அந்த மூட்டை அவன் நாலு தடவை சூடாக்கினான். செம்பை அப்படிச் செய்யக் கூடாது. ஒவ்வொரு தடவையும் வெள்ளி ஓடிப்போய்க்கொண்டே இருக்கும், உலோகமும் தொய்ந்துவிடும். பிப்ரவரி கடைசியில் கொண்டுவந்து காட்டியபோது, மூட்டைச் சுற்றிப் பாதி வட்டத்துக்குத்தான் வெள்ளி இருந்தது. என் கண்ணுக்கு அது பட்டது. முதல் நாள் இருந்த பாய்லர் அது இல்லை. நான் சொன்ன, இல்லாத ஒழுகலை அவன் தேடித் தேடிக் கடைசியில் உண்டாக்கிவிட்டிருந்தான்.

நான் அதைக் கீழே வைத்து, "பரவாயில்ல, மெல்லப் பாப்போம்" என்றேன். அவன் கோட்டுக்குள் சுற்றி எடுத்துப்போய்விட்டான்.

மார்ச் ஒன்பதாம் தேதி, வியாழக்கிழமை. நாலு மணி பத்து நிமிடத்துக்குத் தொலைபேசியில் கூப்பிட்டான். இன்று வரவில்லை என்றான். ஹாலிஃபாக்ஸ் சங்கத்தில் ஒருவர் பாய்லரைப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறாராம். சனிக்கிழமை போகிறானாம்.

"உன்மேல கொறை ஒண்ணும் இல்ல வாத்தியாரே. நீ பாத்துப் பாத்து ஓஞ்சிட்ட. புதுக் கண்ணு ஒண்ணு பாத்தா நல்லதுன்னு பிரெண்டா சொல்றா. அங்கயும் போய் மானம் போக வேணாம்னு, வீட்டுலயே ஒருக்கா அழுத்தம் ஏத்திப் பாத்துட்டுப் போலாம்னு இருக்கேன். பம்பு இரவல் குடுக்கறியா?"

பம்பு என் காலடியில் இருந்தது. அதைக் காலால் ஓரமாகத் தள்ளினேன்.

"வேணும்னா டயருக்குக் காத்தடிக்கிற மெஷின் கராஜ்ல கெடக்கு. அதுவே போதுமா?"

காற்று தண்ணீர் மாதிரி இல்லை. காற்று அமுங்கும். அமுங்கியதெல்லாம் உள்ளே காத்துக்கொண்டிருக்கும். மூட்டு விட்டதும் மொத்தமும் ஒரே நேரத்தில் வெளியே வரும். இந்தப் பொழுதுபோக்கில் எல்லோருக்கும் இது தெரியும். புதியவர்களுக்கு நான் முதல் வாரமே சொல்லிவிடுவேன். லெஸ்லியிடம் சொன்னதில்லை. அவன் எப்போதும் என்னோடுதான் இருப்பான் என்று நினைத்ததால் சொல்லத் தோன்றவில்லை.

"போதும்" என்றேன். "அழுத்தம்னா அழுத்தம்தான், லெஸ். காத்தானா என்ன, தண்ணியானா என்ன."

"அப்ப சரி. தேங்க்ஸ் வாத்தியாரே."

என்ன நினைத்துச் சொன்னேன் என்று கேட்கிறீர்கள். பம்பைக் கொடுத்தால் நாலு சொட்டு ஒழுகும், அவன் ஹாலிஃபாக்ஸ் போவான். காற்று என்றால் ஒரு சத்தம் வரும், பயந்துபோவான், இனி நான் இல்லாமல் எதையும் தொட மாட்டான். அப்படித்தான் நினைத்தேன். பாதி வெள்ளி இல்லாத மூட்டு எப்படி விடும் என்று நான் யோசிக்கவில்லையா என்றால், யோசித்தேன். அவன் வீடு காரில் பதினோரு நிமிடம். திரும்பக் கூப்பிட அரை நிமிடம். நான் இரண்டு முட்டை வேகவைத்து, ரொட்டியில் வெண்ணெய் தடவிச் சாப்பிட்டேன். பிறகு தட்டைக் கழுவினேன்.

ஐந்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் பிரெண்டா கூப்பிட்டாள். அடித்தட்டு அவன் நெஞ்சில் பட்டிருந்தது. அவள் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். வெடிப்பதற்குச் சற்று முன் அவன் அவளைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினானாம்.

மரண விசாரணையில் நிபுணர் என்று என்னைத்தான் கூப்பிட்டார்கள். ஆரம்பநிலை ஆட்கள் சிலர் தண்ணீருக்குப் பதில் காற்றை உபயோகித்துவிடுவது உண்டு என்று சொன்னேன். அது உண்மைதான். விபத்து என்று எழுதினார்கள். சவப்பெட்டியை நானும் தூக்கினேன்.

இந்தக் காவல் நிலையத்துக்கு நானாக வந்தது எதற்கு என்று நீங்கள் இரண்டு முறை கேட்டுவிட்டீர்கள். போன வாரம் பிரெண்டா அவனுடைய கருவிகளையெல்லாம் ஒரு பெட்டியில் போட்டு என் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். டீ குடித்தாள். போகும்போது கதவருகே நின்று சொன்னாள்.

"நீங்க எவ்வளவு பொறுமையா சொல்லிக் குடுத்தீங்க, கீத். எனக்குத் தெரியும். அவருக்குக் கை வரல, அவ்வளவுதான். மனுஷன் பாவம், ஒரு கெட்டில்கூட ஒழுங்காப் பண்ணத் தெரியல."

அவள் அழவில்லை. கொஞ்சம் சிரித்தாள்கூட. அவனைப் பற்றிக் கடைசிவரை அவள் அப்படியே நினைத்துக்கொண்டிருப்பாள் என்பதை என்னால் தாங்க முடியவில்லை. அதனால்தான் வந்தேன். செப்டம்பரில் பத்து நிமிடம், அதற்குமேல் ஐந்து நிமிடம், முள் அசையவில்லை. நவம்பரிலும் அசையவில்லை. அதை அவளிடம் நீங்கள் சொல்ல வேண்டும். மற்றதை நான் சொன்னபடியே எழுதிக்கொள்ளுங்கள். நான் திருகைத் திறந்தேன். இரண்டு தடவையும் தெரிந்துதான் திறந்தேன். காற்று போதும் என்று சொன்னதும் தெரிந்துதான்.

ஒன்றை மட்டும் சேர்த்து எழுதிவிடுங்கள், சங்கத்துக்காரர்கள் கவலைப்படுவார்கள். பத்தொன்பது வருடத்தில் இருநூற்றுக்கும் மேலான பாய்லர்களுக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஒன்றால்கூட யாருக்கும் ஒரு கீறல் விழுந்ததில்லை. லெஸ்லியுடையதற்கு நான் கையெழுத்தே போடவில்லை.