கடைசி அத்தியாயத்தைப் பிரிக்காதே

ஹலோ... ஹலோ, யாரு?... மேவிஸா? ஏண்டி, ஆஸ்பத்திரியிலிருந்தா பேசறே?... இன்னும் உன்னை ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டு போகலையா?... ஆமா, ஆமா, டோரீன்தான். இந்த வீட்டுல வேற யாரு இருக்கா? என் வீட்டுக்காரர் டெட் எடுத்துப் பேசினாத்தான் நீ பயப்படணும், அவர் செத்து ஒன்பது வருஷமாச்சு.

ம்... ம்... இருதய வால்வு மாத்தறது குழாய் மாத்தற மாதிரின்னு டாக்டரே சொன்னாரா?... நம்ம தெருவுக்கு வர்ற குழாய்க்காரனை நீ என்னிக்குடி நம்பினே?... சரி சரி, சிரிக்காதே, பக்கத்துல இருக்கிற மெஷின் கத்தப் போகுது.

என்னது, உயிலா?... உன் துப்பறியும் கதையெல்லாம் எனக்கா?... ஐயையோ, வேண்டாம் தாயே! அதே வரிசை, அதே நம்பர், அதே பழைய ரயில் விளம்பரப் படம் போட்ட அட்டை, எல்லாம் என்கிட்டயும் இருக்கே. ரெண்டு ரெண்டா வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ண? கடைசியா வந்ததுக்கே இடமில்லாம, டெட்டோட சாம்பல் ஜாடியைத் தூக்கி பாத்ரூம் ஜன்னல்ல வெச்சிருக்கேன்... ஆமா, அவருக்கு அங்க நல்லா காத்து வருது. ஒரு குறையும் சொல்லலை.

தெரியும்டி... தெரியும்... எனக்கு மட்டும் அந்தப் பைத்தியம் இல்லையா என்ன? எண்பது வருஷமா எவனும் சீண்டாம கிடந்த கதைங்களை எந்தப் புண்ணியவானோ தூசு தட்டி மறுபடி அச்சுல கொண்டு வர்றான். அதெல்லாம் அலமாரியில ஒரே உயரத்துல முதுகைக் காட்டிக்கிட்டு நிக்கறதைப் பார்த்தா எனக்கு டீ கூட வேண்டாம்... ஆமா! அந்த ஒண்ணு மட்டும் குட்டையா வந்துச்சே, பதிப்பகத்துக்கு ஃபோன் போட்டு அந்தப் பொண்ணை அழ வெச்சேனே!... பின்னே? தினமும் கண்ணை உறுத்துமில்ல?

சரி, இதைக் கேளு. நீ போய்ச் சேர்றதா இருந்தா... சும்மா சொல்றேன்டி, உன்னையெல்லாம் மேலே சேர்த்துக்க மாட்டாங்க... எனக்கு ஒரே ஒரு புத்தகம் மட்டும் கொடு. இந்த மாசம் வந்துச்சே, அந்தக் கர்னல் கொலை. கடைசி அத்தியாயத்தைச் சிவப்புக் காயிதம் ஒட்டி மூடி, பழைய பதிப்பு மாதிரியே அனுப்பினானே, அது. என்னோடதை நான் கிழிச்சுப் படிச்சுக்கறேன், உன்னோடதைக் கிழிக்காம அப்படியே அலமாரியில... என்ன?... ஏன் முழுங்கறே?... அது என்ன இருமல், இவ்வளவு நேரம் இல்லாம?

இரு, இரு. நர்ஸைக் கூப்பிடாதே. புத்தகம் இப்ப எங்க இருக்கு?... கட்டில் பக்கத்துலயா. சரி. ஒட்டின காயிதம் ஒட்டினபடி இருக்கா?... கேட்டதுக்கு பதில் சொல்லு, அங்க மழை பெய்யுதான்னு நான் கேக்கலை.

சரி, விடு. நான் யார் பேரைச் சொல்றேன் தெரியுமா? கதையில சர்ச்சுல ஆர்கன் வாசிக்கிறானே, அவன்தான் கர்னலைக் கொன்னவன்... என்னது, பாவமா? அவனா பாவம்? அவனைத் தூக்குல போட்டாக்கூட ஆத்திரம் அடங்காதுன்னு போன வாரம் கத்தினவ நீதானேடி! இன்னிக்கு என்ன திடீர்னு இரக்கம்?...

அடிப்பாவி. பிரிச்சுட்டே.

பேசாதே. பிரிச்சுட்டே நீ... நம்ம சட்டம் என்ன? ஃபோனைக் காதுல வெச்சுக்கிட்டு, ஆளுக்கொரு பேரைச் சொல்லிட்டு, ரெண்டு பேரும் ஒண்ணாத்தானே கடைசி அத்தியாயத்தைத் திறக்கணும்? மத்த புத்தகத்துக்கெல்லாம் நாமளே துணி க்ளிப்பைப் போட்டு மூடி வெச்சுக் காத்துக்கிட்டு இருப்போமே, ஒரு தடவையாவது நான் எட்டிப் பார்த்திருக்கேனா? அச்சடிச்சவனே ஒட்டி அனுப்பினதுக்கு அப்புறமும் உனக்கு... எதால கிழிச்சே?... வெண்ணெய் தடவற கத்தியாலயா! ஓரமெல்லாம் பிசிறடிச்சிருக்குமேடி!... வெண்ணெய்க் கறை வேறயா!

இதுல ஆர்கன்காரன் இல்லைன்னு வேற காட்டிக் கொடுத்துட்டே. இனிமே சந்தேகப்பட அந்தக் கதை டாக்டரும் சமையல்காரியும்தான் மிச்சம்... வாயைத் திறக்காதே!

ம்?... என்ன சொன்னே?... கேக்கலை, மறுபடி சொல்லு...

ஓ.

முழிக்காமலே போயிட்டா, கொன்னது யாருன்னு தெரியாமலே போயிடுமேன்னா?... ம்... தூக்கமே வரலையா... எனக்கு ஒரு ஃபோன் பண்ணியிருக்கலாமே, முட்டாளே... நான் மட்டும் தூங்கினேனா? பயமா இருக்குடி. எனக்கும்தான் பயமா இருக்கு. நீ இல்லைன்னா நான் யார்கிட்ட பேரைச் சொல்லிச் சண்டை போடறது, பாத்ரூம் ஜன்னல்கிட்டயா?

சரி, அழாதே... அழலையா? சரி, நான்தான் அழறேன், போதுமா?

இல்ல, வேண்டாம்... நீ இப்ப ஒண்ணும் சொல்ல வேண்டாம். கேளு. என்னோட புத்தகம் இதோ மடியிலதான் இருக்கு. நான் இதைப் பிரிக்கப் போறதில்லை. நீ முழிச்சு வந்து உன் வாயால சொல்லணும். நான் நம்ப மாட்டேன்னு சண்டை போடணும். அதுக்கப்புறம்தான் கிழிப்பேன்... நீ வரலைன்னாவா? வரலைன்னா, கர்னலைக் கொன்னது யாருன்னு தெரியாமலே நானும் சாவேன். அந்தப் பாவம் உன் தலையில... ஆமா, மிரட்டல்தான். வெச்சுக்கோ.

வந்துட்டாங்களா?... கட்டிலைத் தள்றாங்களா?... கண்ணாடியைக் கழட்டிக் கொடுத்துடு. பல் செட்டையும்... ஏய், என்ன?... ஏய்! சொல்லாதே! அந்தப் பேரை மட்டும் சொன்னே, டாக்டருக்கு வேலை வைக்காம நானே கத்தியை எடுத்துக்கிட்டு வருவேன்!... நர்ஸம்மா! நர்ஸம்மா, அந்தப் பொம்பளை வாயை மூடுங்க!

மேவிஸ்... மேவிஸ், இருக்கியா?... சாயங்காலம் கூப்பிடறேன். நர்ஸ் எடுக்கக் கூடாது, உன் பையன் எடுக்கக் கூடாது. நீதான் எடுக்கணும். எடுத்து, ஹலோ கூடச் சொல்ல வேண்டாம், கொன்னவன் பேரைச் சொல்லு... ஐயோ, இப்ப இல்லடி! வைக்கிறேன், வெச்சுட்டேன்!