கெர்ரி ஓட்டுகிற வண்டி

மெர்வின்: என்னத்த அப்படி உத்துப் பாக்குற, க்வெண்டா?

க்வெண்டா: ஒண்ணுமில்ல... மாட்டு விலை.

மெர்வின்: மாட்டு விலை இவ்வளவு செவப்பா இருக்காது.

க்வெண்டா: அது... நம்ம நிலம். மேலேருந்து எடுத்த படம்.

மெர்வின்: நம்ம நிலத்துல ஒரு வேலி இல்ல? ஒரு மாடு இல்ல?

க்வெண்டா: சரி, செவ்வாய் கிரகம். போதுமா? கம்ப்யூட்டர்ல அதோட மேப் வருது. இந்த வெள்ளைக் கோடு, நம்ம பொண்ணு அமெரிக்காவுல உக்காந்துக்கிட்டே அங்க ஓட்டுற வண்டி போன தடம்.

மெர்வின்: பண்ணை வேண்டாம்னுட்டு அமெரிக்கா போனவ. அந்தப் பேச்சு இந்த வீட்ல எடுக்காதன்னு சொல்லியிருக்கேன்.

க்வெண்டா: மூணு வருஷமாச் சொல்ற. இப்போ கூப்பிடுவா. அப்பா பேசுவாரான்னு இன்னிக்கும் கேப்பா. இன்னிக்கும் நீ மாட்டுப்பட்டிக்கு ஓடிடுவியா?

மெர்வின்: வேலி வேலை கெடக்கு.

க்வெண்டா: வேலி எங்கயும் போயிடாது. பாவம் புள்ள... போன வாரம் வண்டி மணல்ல மாட்டிக்கிச்சு.

மெர்வின்: மாட்டல.

க்வெண்டா: மாட்டிக்கிச்சுங்கறேன்...

மெர்வின்: அட, மாட்டலன்னா! மணல் மெத்துன்னு இருந்ததும் பின்னாடி எடுத்துட்டா. அப்புறம் இந்த மேட்டைச் சுத்தி, கல்லுத் தரையாப் புடிச்சு... இந்த வளைவைப் பாரு. நம்ம குவீன்ஸ்லாந்துல எவனும் இப்படி ஓட்டமாட்டான்.

க்வெண்டா: ம்... அப்புறம்?

மெர்வின்: அப்புறம் ஒண்ணுமில்ல. நான் வேலிக்குக் கெளம்புறேன்.

க்வெண்டா: சொல்லு. இதைக் கேக்கத்தானே பொய் சொன்னேன்.

மெர்வின்: ராத்திரி நீ கம்ப்யூட்டரை மூடாமப் படுக்கப் போயிடுற. அணைக்கலாம்னு வந்தா கண்ணுல படுது. அவ்வளவுதான்.

க்வெண்டா: தினமும் மறக்குற அளவுக்கா எனக்கு வயசாயிடுச்சு?

மெர்வின்: அப்போ... வேணும்னேதான் விட்டுட்டுப் போனியா?

க்வெண்டா: போன் அடிக்குது.

மெர்வின்: எடு.

க்வெண்டா: கை ஈரமா இருக்கு.

மெர்வின்: கம்ப்யூட்டர் தட்டுற கை எப்படி ஈரமாச்சு?

க்வெண்டா: நின்னுடப் போகுது, மெர்வின்...

மெர்வின்: ...கெர்ரி? அப்பாதான்மா. இல்ல இல்ல, அம்மாவுக்கு ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கா. அழாத... சொல்றதக் கேளு. போன வாரம் அந்த மணல்ல... நானா இருந்தா வண்டியைப் புதைய விட்டிருப்பேன், கண்ணு.