மூன்று வாரம் போட்ட லென்ஸ்

நூர்னிசாவுக்குக் காலையில் எழுந்ததும் முதலில் கண்ணாடி வேண்டும். அதற்குப் பிறகுதான் டீ. பாயில் உட்கார்ந்தபடியே கையை நீட்டுவாள். நான் எடுத்துக் கொடுப்பேன். பதினோரு வருடத்தில் ஒருநாள் தவறியதில்லை. உங்கள் தங்கையை எப்படி வைத்திருந்தேன் என்பதற்கு, மதார் மச்சான், வேறு சாட்சி வேண்டாம்.

"ஏன் இப்படிச் செஞ்சீரு?" என்று கேட்டுவிட்டு உட்காரவும் மாட்டேன் என்கிறீர்கள். உட்காருங்கள். இது என் கடை, இங்கே சத்தம் போட்டுப் பழக்கமில்லை.

பெண் பேசியபோது நீங்கள் அவள் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத்தான் போட்டோ எடுத்து அனுப்பினீர்கள். ராஜபாளையத்தில் கண்ணாடிக் கடை வைத்திருப்பவனிடமே அந்த வேலை. கண்ணைச் சுருக்கியிருந்த விதத்திலேயே பெரிய சிலிண்டர் பவர் என்று தெரிந்துவிட்டது. கருவிழி பந்துபோல் இல்லாமல் ஒருபக்கமாக வளைந்திருக்கும். கண்ணாடி இல்லாமல் வாசல் தாண்ட முடியாது. அது தெரிந்துதான் சம்மதித்தேன்.

தொண்ணூற்றேழில் மதுரையில் லேசர் செய்கிறார்கள் என்ற செய்தியை நீங்கள்தான் கொண்டுவந்தீர்கள். கருவிழியைச் செதுக்கிச் சரிசெய்துவிடுவார்களாம். ஸ்ரீவில்லிபுத்தூர் தையல் பள்ளியில் டீச்சர் வேலைக்கும் சொல்லிவைத்திருந்தீர்கள். "இனி நானே போர்டு பாத்து பஸ் ஏறிருவேன். நீங்க எனக்காக அலைய வேண்டாங்க" என்றாள். நல்லதாகத்தான் சொன்னாள். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

நீங்கள் அலமாரியில் கண்டெடுத்த இந்தத் தாள் லேசருக்கு முன்னால் டாக்டர் கொடுத்ததுதான். கண்ணுக்குள் போடுகிற கெட்டியான லென்ஸ் கருவிழியை அழுத்தி அதன் உருவத்தையே மாற்றிவிடும். கழற்றிவைத்து மூன்று வாரம் கழித்து அளந்தால்தான் அளவு சரியாக இருக்கும். இங்கிலீஷில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. அவளுக்கு வாசித்துச் சொன்னவன் நான். "மூணு வாரமும் விடாம போட்டிருக்கணுமாம்" என்றேன்.

அந்த லென்ஸ் நான் வாங்கிக் கொடுத்தது. கல்யாண வீடுகளுக்கு இரண்டு மணி நேரம் போடுவாள்; மில் பஞ்சு பறக்கிற ஊரில் அதற்கு மேல் தாங்காது. அந்த மூன்று வாரமும் எழுந்ததிலிருந்து படுக்கும்வரை போட்டிருந்தாள். கண் சிவந்து நீர் வடிந்தது. "எம்புட்டு எரிஞ்சா என்ன, டாக்டரு சொல்லிட்டாகல்ல" என்பாள். நான் சொட்டு மருந்து விட்டேன். பக்கத்திலேயே இருந்தேன்.

மதுரைக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள்தான் கழற்றச் சொன்னேன். டாக்டரைக் குறை சொல்லாதீர்கள், அவர் நேராகவே கேட்டார். அவள் அடுத்த அறையில் மருந்து விட்டுக் கண்ணை மூடியிருந்தாள். "மூணு வாரமா லென்ஸத் தொடவே இல்ல சார்" என்றேன். தொழில் தெரிந்தவன் சொன்னால் நம்பத்தானே செய்வார். மெஷினிலும் பழுதில்லை, லென்ஸ் அழுத்திய கண்ணில் எடுத்துக் கொடுத்த அளவுதான் தப்பு. செதுக்கியதைத் திரும்ப ஒட்ட முடியாது.

இப்போது அவளுக்கு எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிகிறது. ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. தையல் பள்ளி வேறு ஆளை எடுத்துக்கொண்டது. எனக்கும் வருத்தம்தான்.

தாளைப் பற்றிக் கேட்டீர்கள், சொல்லிவிட்டேன். கேட்காததையும் சொல்கிறேன், நான் மறைத்துப் பேசுகிற ஆள் இல்லை.

மிச்சமிருந்த கோளாறுக்கு மூன்று மாதம் கழித்து டாக்டர் ஒரு கண்ணாடி எழுதிக் கொடுத்தார். அதைச் சரியாகப் போட்டால் முக்கால்வாசி தெளிந்துவிடும். ஊசியும் கோக்கலாம், பஸ்ஸும் ஏறலாம். சிலிண்டர் கண்ணாடியை எழுதிய கோணத்தில்தான் பிரேமில் மாட்ட வேண்டும். அவர் எழுதியது இருபது டிகிரி. நான் மாட்டியது நாற்பது. என் கையால் செய்த கண்ணாடியை வேறு கடையில் காட்ட அவளுக்குத் தோன்றவே இல்லை.

யோசித்துத்தான் நாற்பது வைத்தேன். அறுபது வைத்திருந்தால் படியில் தடுக்கி விழுவாள். இதில் அடுப்படி தெரியும், பாத்திரம் தெரியும், நான் எங்கே நிற்கிறேன் என்பதும் தெரியும். அவளுக்கு என்ன குறை என்று நீங்களே கேட்டுப் பாருங்கள். காலையில் இன்னும் என்னிடம்தான் கையை நீட்டுகிறாள்.