யார் கையில் பிடி

— அதான் கமலம்மா, இன்னிக்கு போலீஸ் விசாரிக்க வருதாம். சம்மந்தம் பேச வர்றவங்ககிட்ட சொல்வோமே, ‘நல்ல குடும்பம், பத்து பைசா கடன் கெடையாது’ன்னு, அதே மாதிரி சொல்லிடு. தெருவுல மத்த வூட்டுக்கெல்லாம் சொல்லி வெச்சுட்டேன்.

— கடன் குடுத்தவளே நானு. என் வாயாலயே இல்லன்னு சொல்லணுமா பாலையாண்ணா? நாயமா?

— எம்பொண்ணு சுமித்ராவுக்கு ராக்கெட் ஆபீசுல வேலை வந்துகீது. கடன்காரின்னு தெரிஞ்சா உள்ள வுடமாட்டாங்களாம்.

— யாரு சொன்னா நைனா அப்டி?

— ஊரே சொல்லுது அம்மாடி. நீ உள்ள போ.

— போமாட்டேன். அண்ணன் குவைத்து போறதுக்கு வாங்கின கடன். ஏஜெண்டு தூக்கினு ஓடிட்டான். நாம இன்னா திருடினோமா, மறைக்கறதுக்கு?

— சரேலே, ஆவட்டும் அண்ணா, பழகின தோசத்துக்கு இல்லன்னே சொல்றேன். ஆனா கடன் நோட்டுல கையெழுத்து போட்டது உம்பொண்ணு. அது என் பீரோவுலயே கெடக்கட்டும். மாசாமாசம் சம்பளத்துல பாதி எனக்கு வந்துடணும்.

— பாதியா!

— வேலைக்கு சேந்தப்பறம் அந்த நோட்டு வெளிய வந்துச்சின்னா, பொய் சொல்லி சேந்தவன்னு தொரத்திடுவாங்க. நான் உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். நாயம்தானே?

— கேட்டியா நைனா? இதுக்குத்தான் அவங்க விசாரிக்கறதே. கடன் கீதா இல்லையான்னு இல்ல. நாளைக்கு எவனாச்சும் அதை வெச்சு என்னை மிரட்டி, ‘உன் ஆபீஸ் ரகசியத்தைக் கொண்டா’ன்னு கேக்க முடியுமான்னுதான். நான் இன்னும் சேரவே இல்ல, இந்த கமலம்மா அத்தே அதுக்குள்ள ஆரம்பிச்சுட்டாங்க.

— ஐயோ, பாத்துப் பேசு அம்மாடி!

— இன்னா பாத்து? அவங்க வூட்டுக் கல்யாணத்துல நீ எச்சில் எலை எடுத்தே. அம்மா அண்டா தேச்சுது. கூலி கேட்டோமா? கடன் வாங்கினோம்னு வாயைப் பொத்திக்கினு வந்தோம். போதும் நைனா. எனக்கு வவுறு எரியுது.

— திமிரைப் பாரு! போலீஸ் வரட்டும், நீ கடன்காரின்னு நானே சொல்றேன்.

— தாராளமா சொல்லு அத்தே.

— வேலை போயிடும்மா! பாகாலாவுல விடியக்காலம் ரயிலேறி, களியைத் துன்னும் துன்னாமலும் திருப்பதி காலேஜுக்கு ஓடினியே!

— ஓடினது தலைகுனிஞ்சு நிக்கறதுக்கு இல்ல நைனா.

— தோ, ஜீப்பு சத்தம் கேக்குது. அண்ணா, கடைசியா கேக்கறேன். பாதி உண்டா, இல்லையா?

— குடுத்துடறோம் கமலம்மா, குடுத்துடறோம். உன் காலைப் புடிக்கறேன்.

— எழுந்திரு நைனா! காலை வுடு. வாங்கின கடனைக் கட்டுவோம். பாதிச் சம்பளம் குடுக்கமாட்டோம். வேலைக்கு எழுதிக் குடுக்கற பாரத்துல கடன் இருக்கான்னு கேட்டிருந்துச்சு. யாருகிட்ட, எவ்ளோ வட்டி, எல்லாத்தையும் எழுதிட்டேன். நேத்து போலீஸ்ல சித்தூருக்கு கூப்ட்டு அதைப் பத்தியே கேட்டாங்க. உள்ளதைச் சொன்னேன்.

— எழுதிட்டியா! வேலை?

— ‘பாக்கலாம்’னாரு விசாரிச்ச ஆபீசரு. வந்தா வரட்டும், இல்லன்னா வேற பாக்கறேன்.

— நேத்தே விசாரிச்சுட்டாங்கன்னா... இப்போ ஜீப்பு எதுக்குடி வருது?

— எனக்காக இல்ல அத்தே. வட்டிக்கு வுடறதுக்கு உங்கிட்ட லைசென்ஸ் கீதான்னு கேக்க வர்றாங்க.