அடுக்களை தனியாகக் கழன்ற கதை

தொம்மென்று கடைசிக் கல் விழுந்து உட்கார்ந்தது. அதே நொடியில் செல்போனும் அலறியது. மேலப்பாளையத்து வாப்பா வீட்டு அடுக்களையில், நாலு பக்கமும் சுவர் சூழ நின்றிருந்த புவியியல் டீச்சர் ஷம்ஸியா அதை எடுத்தாள். சவூதியின் தம்மாமிலிருந்து தம்பி யஹ்யா. அவனும் அண்ணன் தாஜ் முகம்மதுவும் நடுவில் சுவர் வைத்து வீட்டைப் பாதிப்பாதியாகப் பிரித்து எழுதிய பத்திரத்தில் அவள் பெயர் இல்லை. ரமலானுக்குள் வேறு இடம் பார்க்கச் சொல்லியிருந்தார்கள்.

"ஹலோ... வஅலைக்குமுஸ்ஸலாம். ஆமாலே, ஆமா, சுவரு முடிஞ்சிட்டு... சந்தோசப்படாத, முழுசாக் கேளு.

அண்ணன் கொத்தனார் தெருவாசல்ல இருந்து கெட்டுனாரு, உன் கொத்தனார் கொல்லையில இருந்து. நடுவுல சேரணும்லா?... சேரலலே! பன்னெண்டு அடி தள்ளி ஒண்ணையொண்ணு தாண்டிப் போயிட்டு... நூலா? ஒரு முனைய அவரு ஆளு புடிச்சா மறுமுனைய உன் ஆளு புடிக்கணும். நீங்கதான் பேச்சுவார்த்தையே கிடையாதே!

பிறவென்ன, தப்ப மறைக்க ரெண்டு பேரும் சுவர வளைச்சு, ஒருத்தர் சுவத்துல இன்னொருத்தர் கொண்டுபோய் முட்டிட்டாங்க... நடுவுலயா? அடுக்களை, கிணறு, மோட்டாரு, மாடிப்படி... பிறவு நான்.

சிரிக்காத. கண்டம் பிளக்கும்போதும் இப்படித்தான்லே. பிளவு ஒரே கோடா ஓடாது. இங்கன இருந்து ஒண்ணு வரும், அங்கன இருந்து ஒண்ணு வரும். சேராம தாண்டிப் போச்சுன்னா நடுத்துண்டு தனி நிலத்தட்டாக் கழண்டுக்கும். ஆப்பிரிக்காவுல விக்டோரியா ஏரியச் சுத்தி அப்படி ஒண்ணு இருக்கு. ரெண்டு பக்கமும் இழுக்க இழுக்க அது பைய தன்போக்குல சுத்துது... நானா? நான் சுத்தல. அடுப்பத்தான் எனக்குத் தோதாத் திருப்பி வச்சிருக்கேன்.

வெளிய எப்படிப் போவேனா? மொட்டமாடி ஏறி, பக்கத்து தஸ்லிமா வீட்டு வழியா...

இரு, அண்ணன் சுவத்துக்கு அங்கிட்டு நின்னு கத்துதாரு... தண்ணி வரலையாண்ணே? மோட்டாரு எம்பக்கம்லா இருக்கு! தம்பிகூடப் பேசிட்டு வாரேன்!

ஹலோ... இடிக்கணுமா? எந்த உரிமையில இடிப்ப? 'அவரவர் சுவர் வரை அவரவர் பங்கு'ன்னு நீங்கதான பத்திரத்துல கையெழுத்துப் போட்டீங்க! இது ரெண்டுலயும் சேராதுலே...

என்னது? அங்கனயே இருந்துட்டு நான் பாக்கலையாவா?

பாத்தேன்லே... ரெண்டும் சேராதுன்னு செவ்வாக்கிழமையே தெரிஞ்சிட்டு. அதான் ரெண்டு கொத்தனாருக்கும் நேரம் தவறாம டீ போட்டுக் குடுத்தேன்."