முதல் தெரிவு

தண்ணீர் போதும், நன்றி. குளிர்ந்த தண்ணீர் எனக்கு ஒத்துக்கொள்வதில்லை. நிசாந்தி, நான் சொல்வதை இந்தப் பொலிஸ் அதிகாரிக்கு அப்படியே இத்தாலியனில் சொன்னால் போதும். மெருகேற்ற வேண்டாம்.

பலெர்மோவில் எங்கள் இலங்கைத் தமிழ் ஆட்களுக்கு ஒரு ஹொக்கித் தொடர் இருப்பதே அவருக்குப் புதிதாக இருக்கும். சிறியதுதான், ஆனால் ஆட்டக்காரருக்குச் சம்பளம் உண்டு. சீசா பகுதி அணிக்கு நான் முகாமையாளர். பகலில் லிபெர்த்தா வீதியில் ஒரு வயதான இத்தாலியச் சிஞ்ஞோராவைக் கழுவித் துடைத்து, ஊட்டிவிடுகிறேன். உடம்புகள் எனக்கு அருவருப்பில்லை.

என் அணிதான் அருவருப்பு. ஆண்டாண்டாக நடுவில் கிடந்தது, வெல்லவும் இல்லாமல் விழவும் இல்லாமல். தோற்றுவிட்டு ஒருவர் வேர்த்த முதுகை ஒருவர் தட்டி, ரோல்ஸ் தின்று சிரிப்பார்கள். எண்ணெய் மினுங்கும் அந்த வாய்களைப் பார்க்க எனக்குக் குமட்டும்.

தொடரில் ஒரு விதி உண்டு. புதிதாக வருகிற ஆட்டக்காரரை அணிகள் ஒவ்வொன்றாகத் தெரிவுசெய்யும். கடைசி இடம் பெற்ற அணிக்கு முதல் தெரிவு. இந்த முறை வன்னியிலிருந்து வந்த கபிலன் இருந்தான். பந்து அவன் மட்டையில் ஒட்டிக்கொண்டுதான் வரும். அவனை வைத்து ஒரு அணியை அடியிலிருந்து கட்டலாம். ஆகவே கடைசி இடத்துக்கு இறங்க, நல்ல ஆட்டக்காரரை வேறு அணிகளுக்கு விட்டுக்கொடுத்தேன். மற்றவர்கள் தாங்களாகவே தோற்றார்கள். விமலராஜ் மட்டும் தோற்கவில்லை.

அவன் எங்கள் கோல் காப்பாளன். ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு உணவகத்தில் இறால் உரிப்பவன். கையுறைக்குள்ளும் அந்த வாடைதான். கடைசி ஆட்டத்தன்று அவனிடம் சாடையாகச் சொன்னேன்.

"விமல், இண்டைக்குத் தோத்தாத்தான் கபிலன் எங்களுக்கு வருவான்."

"என்ன மாக்கிரட் அக்கா, பகிடியே? பந்து வந்தாக் கால் தானாப் போகுது. வேணுமெண்டாக் காலைக் கழட்டி வைச்சிட்டுப் போறன், நீங்கள் பிடிச்சுக்கொண்டு நில்லுங்கோ."

எல்லோரும் சிரித்தார்கள். அவன்தான் அதிகம் சிரித்தான்.

ஆட்டத்துக்கு முன் மடு மாதா கோயில் மண்ணைத் தண்ணீரில் கரைத்து ஆளுக்கொரு மிடறு கொடுப்பது எங்கள் வழக்கம். நான்தான் கொடுப்பேன். அதன் ருசி எப்படி இருந்தாலும் ஒருவரும் முகம் சுளிப்பதில்லை. விமலராஜின் கோப்பையில் சிஞ்ஞோராவின் தூக்க மருந்தில் சில சொட்டுகள் விட்டேன். அவன் சிலுவை போட்டுக்கொண்டு குடித்தான். அடியில் தங்கிய மண்ணையும் விரலால் வழித்து நக்கினான்.

ஆட்டம் சமநிலையில் முடிந்தால்கூட நாங்கள் கடைசி இல்லை. கோல் எதுவும் விழாமலே ஆட்டம் முடியப்போனது. பாதித் தூக்கத்திலும் அவன் பந்தைத் தடுத்துக்கொண்டே இருந்தான். அப்போதுதான் அவன் தலைக்கவசத்தின் வார் அவிழ்ந்து தொங்குவதைக் கண்டேன். கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டால் ஆட்டம் நிற்கும், முகத்தைக் கழுவுவான், தெளிந்துவிடுவான். நான் கூப்பிடவில்லை.

அடுத்த பந்துக்கு அவன் பாய்ந்தபோது கவசம் கழன்று உருண்டது. அவன் தட்டிவிட்ட பந்தையே எதிரணியினர் திரும்ப அடித்தார்கள். அது அவன் நெற்றிப்பொட்டில் பட்டு, மெதுவாக உருண்டு, கோட்டைத் தாண்டியது. நான் பந்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் எழும்பவில்லை என்பதைப் பிறகுதான் கவனித்தேன்.

அடக்கத்தன்று அவன் மனைவி றஜிதா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, அவர் கடைசியாக் குடிச்சது மாதாவின்ர தண்ணி. அதுவும் உங்கட கையால. எனக்கு அது போதும்."

அந்தக் கையை முத்தமிட்டாள். வீட்டுக்குப் போய்ச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக் கழுவினேன். அவளுடைய மூக்குநீர் பட்டிருந்தது.

இப்போது பரிசோதித்துப் பார்த்ததில் விமலராஜின் இரத்தத்தில் மருந்து இருந்ததாம். அவன் தானே எடுத்துக்கொண்டு விளையாடினான், அது அணியின் குற்றம், ஆட்டம் செல்லாது என்று தொடரை நடத்தும் சங்கத்தில் கதைக்கிறார்கள். என்னைச் சந்தேகித்தவர் ஒருவரும் இல்லை. நானாகவேதான் இங்கே வந்தேன். மனச்சாட்சி உள்ளவள் வேறென்ன செய்வாள்?

ஆகவே தெளிவாக எழுதச் சொல்லுங்கள், நிசாந்தி. மருந்தைக் கொடுத்தது நான். வார் தொங்கியதைக் கண்டும் வாய் திறக்காதது நான். அவனுக்கு ஒன்றும் தெரியாது. அணியில் ஒரு குற்றமும் இல்லை. ஆட்டம் செல்லும். நாங்கள்தான் கடைசி. கபிலனை வேறு ஒருவருக்கும் கொடுத்துவிட வேண்டாம் என்று சங்கத்துக்கு இன்றைக்கே அறிவித்துவிடுங்கள்.